இடது பக்க ஸீட்டில் நாற்பது வருஷம்

1

பனங்குடி ஊர்ச் சங்கத்து மலருக்கு, 'பயத்தை வென்று வாழ்க்கையில் முன்னேறியது எப்படி' என்று நாலு பக்கம் எழுதித் தரும்படி என் தங்கை மகன் சுந்தரம் போன மாதம் போனில் கேட்டான். சரியான ஆளைத்தான் பிடித்திருக்கிறான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, பத்தொன்பது வயதில் நாகப்பட்டினத்தில் கப்பலேறி, மலேசியாவில் ஈப்போ நகரத்தில் ஏழு லாரிகளுக்கு முதலாளியானவன் நம் ஊரில் என்னைத் தவிர வேறு யாராவது இருந்தால் சொல்லுங்கள். இந்த நாலு பக்கத்தையும் அவருக்கே விட்டுக்கொடுத்துவிடுகிறேன்.

ஆனால் போனை வைப்பதற்கு முன்னால் சுந்தரம் இன்னொன்றும் கேட்டான்.

"மாமா, கோவிச்சுக்காதீங்க. லாரிக் கம்பெனி வச்சிருந்த மனுசன் கார் டெஸ்ட்டுல பெயிலாயிட்டாருன்னு டீக்கடையில பேசிக்கிறாய்ங்க. மெய்யா?"

"எவன்டா சொன்னான்?"

"மலருதான் குரூப்புல போட்டோ போட்டுச்சே மாமா. நீங்க 'எல்' ஒட்டுன கார் பக்கத்துல மூஞ்சிய உம்முன்னு வச்சிக்கிட்டு நிக்கிறீங்க."

மலர் என் மகள். கோலாலம்பூரில் இருக்கிறாள். அவள் விரல் தட்டினால் அடுத்த நிமிடம் பனங்குடி டீக்கடையில் கிளாஸ் குலுங்குகிறது. அந்தக் காலத்தில் நான் போட்ட கடிதம் ஊருக்கு வர மூன்று வாரம் ஆகும். அதற்குள் கெட்ட செய்தியெல்லாம் ஆறிப்போயிருக்கும். அது ஒரு நல்ல காலம்.

"மெய்தான்டா. ஒரு தடவை இல்ல, ரெண்டு தடவை," என்றேன்.

அவன் சிரித்த சிரிப்பை நான் மறக்கப்போவதில்லை. டீக்கடைக்காரர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். முன்னேறிய கதையை எல்லாரும் எழுதுவார்கள். அறுபத்து நாலு வயதில் எனக்கு அதைவிட ஆச்சரியமாக இருப்பது வேறொன்று. பயம் என்கிற சாமான் ஒரு மனிதனுக்குள் எங்கே உட்கார்ந்திருக்கிறது, என்ன தின்று இத்தனை வருஷம் உயிரோடு இருக்கிறது? கெட்டுப்போன இன்ஜினைப் பிரித்துப் பார்ப்பது மாதிரி என்னையே பிரித்துப் பார்த்தேன். உள்ளே கிடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

2

முதலில் என் பெயர் விஷயம். ஊரில் நான் முத்துக்கருப்பன். இந்த நாட்டுக் காகிதங்களில் நான் பனங்குடி. பினாங்கில் கப்பலை விட்டு இறங்கிய அன்று விண்ணப்பப் பாரம் எழுதியவர், பெயர் எழுத வேண்டிய கட்டத்தில் ஊரை எழுதிவிட்டார். அவர் கேட்ட கேள்வி எனக்கு விளங்கவில்லை, நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். பிற்பாடு திருத்தப் போனேன். இந்தக் கவுண்டருக்குப் போ, அந்தக் கவுண்டருக்குப் போ, சத்தியப் பத்திரம் கொண்டு வா என்றார்கள். நாலாவது கவுண்டரோடு விட்டுவிட்டேன். பயந்து விட்டதாக நினைக்க வேண்டாம், அந்தப் பெயர் எனக்குப் பழகிவிட்டது. என் மகள் சான்றிதழில் 'பனங்குடியின் மகள் மலர்விழி' என்றுதான் இருக்கிறது. ஊரே பெற்ற பிள்ளை.

அடுத்தது இடது பக்க ஸீட். லாரி வைத்திருந்த முப்பத்து சொச்சம் வருஷமும் நான் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. இடது பக்க ஸீட்டில், மடியில் பிளாஸ்க்கோடு உட்கார்ந்திருப்பேன். கேட்டவர்களிடம், "முதலாளி ஓட்டக் கூடாதுப்பா, முதலாளி பார்க்கணும்," என்பேன். நம்பினார்கள். சில முதலாளிமார் என்னைப் பார்த்து அவர்களும் ஓட்டுவதை நிறுத்தினார்கள்.

வீட்டில் டிரைவர் என் மனைவி அஞ்சலை. அவள் இந்த நாட்டிலேயே பிறந்தவள். ஹுத்தான் மெலிந்தாங் என்ற மீன்பிடி ஊருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தாள். அந்தத் தோட்டத்தில் இப்போது ரப்பர் இல்லை, எல்லாம் எண்ணெய்ப் பனை. கல்யாணமான மூன்றாம் வருஷமே லைசென்ஸ் எடுத்துவிட்டாள். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடுவது, என்னை லாரிக் கொட்டகையில் விடுவது, மாதா மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை தன் அக்காவைப் பார்க்க ஹுத்தான் மெலிந்தாங் போவது எல்லாம் அவள்தான். கல்யாண வீட்டு வாசலில் அவள் வலது பக்கம் இறங்குவாள், நான் இடது பக்கம் இறங்கி வேட்டியைச் சரிசெய்வேன். "பெரிய மனுசன் லா, பொண்டாட்டியவே டிரைவரா வச்சிருக்காரு," என்பார்கள். இங்கே எந்தப் பேச்சோடும் ஒரு 'லா' ஒட்டிக்கொள்ளும். நான் புன்னகை மட்டும் செய்வேன். புன்னகை ரொம்ப உபயோகமான சாமான், அதற்கு லைசென்ஸ் தேவையில்லை.

3

போன வருஷம் அஞ்சலைக்குக் கண்ணில் அழுத்தம் என்று கண்டுபிடித்தார்கள். நேரே இருப்பது தெரியும். இரண்டு ஓரமும் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டு வருகிறது. இனி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் கார் சாவியை ஃபிரிட்ஜ் மேல் வைத்தாள். 

நாங்கள் இருப்பது ஈப்போவுக்கு மேற்கே லகாட்டில். ஈயம் தோண்டிய காலத்து ஊர். கடைக்குப் போகக்கூட வண்டி வேண்டும். கூப்பிட்டால் வரும் வாடகைக் கார் எங்கள் சந்துக்கு வர யோசிக்கிறது. ஹுத்தான் மெலிந்தாங் என்றால் பதிலே வருவதில்லை. மகன் ஆஸ்திரேலியாவில் இருக்கிறான், அவனுக்கு நாங்கள் போனில் தெரியும் இரண்டு நெற்றிகள். மகள்தான் வந்து பேசினாள்.

"அப்பா, தீபாவளி வரைக்கும் பாருங்க. அப்புறம் ரெண்டு பேரும் எங்க வீட்டுக்கு வந்துருங்க. இங்க தனியா இருந்து என்ன பண்ணப் போறீங்க?"

அவள் வீடு பதினேழாவது மாடி. நல்ல வீடு, நல்ல மருமகன், குறையே இல்லை. ஆனால் பேத்தி என்னிடம் பேசும் ஒரே தமிழ், "தாத்தா, சாப்டாச்சா?" என்பதுதான். "சாப்டாச்சு" என்பேன். அதோடு எங்கள் உரையாடல் முடிந்துவிடும். அதை ஒரு நாளைக்கு மூன்று தடவை பேசிக்கொண்டு மிச்ச காலத்தைப் பதினேழாவது மாடியில் கழிக்க வேண்டும்.

அஞ்சலை சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. ஆனால் மறு வாரம் ஒன்றைக் கவனித்தேன். வாசலில் அவள் வளர்க்கும் பதினொரு தொட்டிகளில் இரண்டைக் காணோம். அதற்கு அடுத்த வாரம் இன்னும் இரண்டு. பக்கத்து வீட்டு மேரியம்மாவுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கறிவேப்பிலைத் தொட்டியை அவள் நகர்த்திக்கொண்டு போவதைப் பார்த்த அன்று என் வாய் தானாகப் பேசியது.

"அத வை. நான் ஓட்டுறேன்."

"என்னத்த?"

"காரை."

தொட்டியைக் கீழே வைத்தாள். என்னை நேராகப் பார்ப்பதற்கு இப்போது அவள் தலையை முழுசாகத் திருப்ப வேண்டியிருக்கிறது. முழுசாகத் திருப்பிப் பார்த்தாள்.

"நீங்க? லாரி நின்னாவே ரெண்டு சக்கரத்துக்கும் கட்டை போட்டாத்தான் கிட்டக்கப் போவீங்க. நீங்க ஓட்டுறீங்களா?"

"பாரு."

"பாக்கத்தானே போறேன். கண்ணு இருக்க வரைக்கும்."

இருந்தும் கறிவேப்பிலைத் தொட்டி மேரியம்மா வீட்டுக்குத்தான் போனது.

4

ஓட்டுநர் பள்ளியில் என்னைச் சேர்த்த பெண் பிறந்த வருஷத்தை இரண்டு தடவை கேட்டாள். அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். என்னுடையது சிவப்பு அட்டை. குடியுரிமை இல்லை, இந்த நாட்டில் தங்கியிருக்கலாம், அவ்வளவுதான். "ஆட்டோ கியர் எடுங்க பாக்சிக், லேசா இருக்கும்," என்றாள். பாக்சிக் என்றால் பெரியப்பா, சித்தப்பா மாதிரி. மகளும் அதையேதான் சொல்லியிருந்தாள். ஏழு லாரி வைத்திருந்தவன் ஆட்டோ கியர் எடுத்தால் என் பழைய டிரைவர்கள் என்ன நினைப்பார்கள்? மேனுவல்தான் என்றேன். பிற்பாடு மேட்டில் நின்றபோது அந்தப் பெண்ணின் முகம் எனக்கு அடிக்கடி ஞாபகம் வந்தது.

கம்ப்யூட்டர் பரீட்சையைத் தமிழிலேயே எழுதலாம். ஆனால் அது பெரிய படிப்புத் தமிழ். 'முந்திச் செல்ல எத்தனிக்கும்போது' என்று இருந்தது. எத்தனிக்கிறது என்றால் யார் வீட்டு வேலை என்று அஞ்சலையைக் கேட்டேன். அவள் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவள். கேள்விப் புத்தகத்தை மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு வாசிப்பாள், நான் பதில் சொல்வேன். தப்பாகச் சொன்னால், "மோதிட்டீங்க, அடுத்த கேள்வி," என்பாள். இரண்டு வாரத்தில் முப்பது பேரையாவது மோதியிருப்பேன். பரீட்சையில் முதல் தடவையே பாஸ். இதைச் சுந்தரம் டீக்கடையில் சொல்ல வேண்டும்.

ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் ஆ ஹோக் என்ற சீனர். ஐம்பத்தெட்டு வயது. அவருடைய அப்பா தோட்டத்துக்குப் பக்கத்தில் மளிகைக்கடை வைத்திருந்தவர், அதனால் நம்மைப் போலவே தமிழ் பேசுவார்.

"அண்ணே, ஸ்டியரிங் ஆட்டுக்குட்டி இல்ல லா. கழுத்த நெரிக்காத. லேசாப் புடி."

ஒரு மாதத்தில் நேர் ரோடு, வளைவு, பார்க்கிங் எல்லாம் வந்துவிட்டது. சொல்லிக்கொள்கிறேன், பார்க்கிங் என்னைப் போல யாரும் போட மாட்டார்கள். நாற்பது வருஷம் இடது பக்கத்திலிருந்து "வா, வா, போதும்" சொன்னவன் நான். இடது ஓரம் எனக்கு உள்ளங்கை மாதிரி.

வராதது மேடுதான். இங்கே டெஸ்ட்டில் ஒரு மேடு கட்டி வைத்திருப்பார்கள். அதன் பாதியில் கோட்டுக்குள் காரை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின்னால் உருளாமல் மறுபடி எடுக்க வேண்டும். பதினெட்டு வயதுப் பிள்ளைகள் பாட்டுப் பாடிக்கொண்டே ஏறி இறங்குகிறார்கள். எனக்கோ மேட்டில் கார் நின்றதும் முதுகு குளிர்ந்துவிடும், வலது கால் பிரேக்கில் ஒட்டிக்கொள்ளும். ஆ ஹோக் பக்கத்தில் இருந்தால் எப்படியோ எடுத்துவிடுவேன். டெஸ்ட்டில் பக்கத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். அதிகாரி வெளியே நின்று பார்ப்பார்.

5

முதல் டெஸ்ட். ஒலிபெருக்கியில் "பனங்குடி! பனங்குடி!" என்று கூப்பிட்டார்கள். ஊரே எழுந்து போய் காரில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. மேட்டில் ஏறினேன். கோட்டுக்குள் சரியாக நிறுத்தினேன். ஹேண்ட் பிரேக் போட்டேன். இதுவரை நூற்றுக்கு நூறு.

அப்புறம் நான் கதவைத் திறந்துகொண்டு இறங்கிவிட்டேன்.

வேண்டுமென்று செய்யவில்லை. மேட்டில் வண்டி நின்றது, என் கை கதவைத் திறந்தது, என் கால் பின்சக்கரத்தை நோக்கி நடந்தது. பாதி வழியில், கையில் எதுவும் இல்லை என்பதைப் பார்த்துத்தான் நின்றேன். மேட்டோரம் நின்ற இளம் அதிகாரி தொப்பியைத் தள்ளிவிட்டுக்கொண்டு மலாயில் கேட்டார்.

"பாக்சிக், எங்க கிளம்பிட்டீங்க?"

"கட்டை போட, துவான்," என்றேன். துவான் என்றால் ஐயா.

அவருக்குக் கோபம் வரவில்லை. காரில் யாரும் இல்லை, அதைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தார். அவர் உத்தியோகத்தில் இப்படி ஒன்றைப் பார்த்திருக்க மாட்டார். பெயில் என்று எழுதிவிட்டு, பேனாவை மூடியபடி, "முன்னே லாரியில் வேலை செய்தீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

செய்தேன். அதுதான் இந்த நாட்டில் என் முதல் வேலை. பெயர் கெலிண்டான், அதாவது லாரி டிரைவருக்கு உதவியாள். சுமை ஏற்ற வேண்டும், இறக்க வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், லாரி மேட்டில் நின்றால் குதித்து ஓடிப் பின்சக்கரத்துக்குக் கட்டை போட வேண்டும். அந்தக் காலத்துத் தோட்டத்து லாரிகளில் ஹேண்ட் பிரேக் பாதி பெயருக்குத்தான் இருக்கும். அதனால் ஒரு முறை உண்டு. கட்டையைப் போட்டுவிட்டு, லாரியின் தகரத்தில் உள்ளங்கையால் இரண்டு அடி அடித்து, "போட்டாச்சு!" என்று சத்தம் கொடுக்க வேண்டும். அடியும் கேட்க வேண்டும், சத்தமும் கேட்க வேண்டும். அப்புறம்தான் டிரைவர் பிரேக்கிலிருந்து காலை எடுப்பார்.

என் டிரைவர் சுப்பையாண்ணன். நான் வந்த நாலாவது மாதம். மழை விட்டுச் சற்று நேரம்தான் ஆகியிருந்தது. ரப்பர் ஷீட் ஏற்றிய லாரி செம்மண் மேட்டில் பாதியில் நின்றது. "கட்டை!" என்றார். குதித்தேன். கட்டையைத் தூக்கிக்கொண்டு பின்சக்கரத்திடம் ஓடினேன். சக்கரம் என் நெஞ்சு உயரம். அது ஒரு விரற்கடை பின்னால் நகர்ந்தது. நகர்ந்ததை நான் பார்த்தேன். அதற்கு மேல் என் கால் போகவில்லை.

"போட்டியாடா?" என்று உள்ளேயிருந்து கேட்டார். முந்தின வாரம்தான் எல்லார் முன்னாலும், "பயந்தாங்கொள்ளி, உன்னய ஊருக்கே திருப்பி அனுப்பிருவேன்," என்று ஏசியிருந்தார்.

"போட்டாச்சு!" என்று கத்தினேன்.

கட்டை என் கையில் இருந்தது.

லாரி பின்னால் உருண்டு, ஓடைக்குள் சாய்ந்தது. ஷீட்டெல்லாம் சேற்றில். சுப்பையாண்ணன் காலைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் வழியாக ஏறி வெளியே வந்தார். நான், "கட்டை வழுக்கிருச்சுண்ணே," என்றேன். மூன்றாம் நாள் அந்த வேலையை விட்டுவிட்டு ஈப்போவுக்கு ஓடிவந்துவிட்டேன். ஒரு வருஷம் கழித்து ஈப்போ மார்க்கெட்டில் அவரைத் தூரத்தில் பார்த்தேன். ஒரு காலை இழுத்து நடந்தார். நான் மீன் கடைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

என் லாரி ஒவ்வொன்றிலும் மெர்பாவ் என்ற கெட்டி மரத்தில் செய்த இரண்டு கட்டை கட்டாயம் இருக்கும். ஈப்போவில் வேறு எந்த முதலாளியும் இவ்வளவு கண்டிப்பில்லை என்று பெயர் வாங்கியவன் நான். அந்தக் கண்டிப்பு எங்கிருந்து வந்தது என்று இன்றைக்குத்தான் எழுதுகிறேன். அஞ்சலையிடமும் 'வழுக்கிருச்சு' என்றுதான் சொல்லியிருந்தேன்.

6

இரண்டாவது டெஸ்ட்டில் கதவைத் திறக்கவில்லை. ஆ ஹோக், "அண்ணே, நான் வேணா கதவ வெளிய கயிறு போட்டுக் கட்டவா?" என்று கேட்டிருந்தார். கதவைத் தொடவே இல்லை. ஹேண்ட் பிரேக் போட்டேன், விட்டேன், கிளட்ச் சரியான இடத்துக்கு வந்துவிட்டது, இன்ஜின் சத்தம் தணிந்து கார் மூக்கைத் தூக்கியது. இனி கால் பிரேக்கை விட வேண்டியதுதான். கால் எழும்பவில்லை. எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் என்று தெரியாது. பின்னால் மூன்று கார் காத்திருந்தது. அதிகாரி கையை ஆட்டிவிட்டார். பெயில்.

வீட்டுக்கு வந்தபோது வாசலில் இரண்டே தொட்டிதான் மிச்சம் இருந்தது.

அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் அதைவிட ஆச்சரியமாக இருந்தது. கால் எழும்பாததற்கு என் பயம் மட்டும் காரணமில்லை என்று எனக்குத் தோன்றியது. பயந்த கால் நடுங்கும். அன்று என் கால் நடுங்கவில்லை. அது எதற்காகவோ காத்துக்கொண்டு இருந்தது. என் கால் யாருக்காகக் காத்திருந்தது?

அஞ்சலையை உட்கார வைத்து உண்மையைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "அந்த மனுசன் இப்ப எங்க இருக்காரு?" என்றாள்.

"ஜெலாப்பாங்லதான்."

"நம்ம லாரிக் கொட்டகை இருந்த ஜெலாப்பாங்லயா?"

"பத்து நிமிச நடை."

"முப்பது வருசமா பக்கத்துலயே இருந்துக்கிட்டு ஒரு வார்த்த கேக்கலயா?"

கேட்கவில்லை. அவர் வீட்டுச் சாலைப் பக்கமே போகாமல், டிரைவர்களைச் சுற்றுவழியில் போகச் சொல்லியிருந்தேன். அங்கே ரோடு மோசம் என்று காரணம் சொன்னேன். ரோடு நன்றாகத்தான் இருந்தது.

மறுநாள் ஒரு வாடகைக் கார் இரக்கப்பட்டு வந்தது. இரண்டு பேரும் போனோம். சுப்பையாண்ணனுக்கு எண்பது தாண்டிவிட்டது. மகன் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பழைய ரேடியோ ஒன்றைத் திருகிக்கொண்டிருந்தார். என்னை உடனே கண்டுபிடித்துவிட்டார்.

"டேய், பனங்குடி! ஏழு லாரிக்காரன் இப்பத்தான் வழி தெரிஞ்சு வாரியா? வா, வா, உக்காரு. இது யாரு, தங்கச்சியா? வாம்மா."

டீ வந்தது. நான் டீயைக் குடிக்காமலே சொன்னேன். மேடு, சக்கரம், என் கையில் இருந்த கட்டை, நான் கத்திய சத்தம், எல்லாம். கடைசியாக, "உங்க காலு என்னாலதாண்ணே போச்சு," என்றேன்.

அவர் ரேடியோவை நிறுத்தினார்.

"எந்தக் காலு?"

"இழுத்து நடக்குறீங்களே, அது."

"இதுவா? இது ரம்புத்தான் மரத்துலேருந்து விழுந்தது லா! தோட்டத்து ஆபீஸ் கிராணி வீட்டு மரத்துல பழம் பறிக்க ஏறி, எறும்பு கடிச்சு, கைய விட்டுட்டேன். லாரி சாஞ்சப்போ வெறும் சிராய்ப்புதான்டா. மறுநாளே வேலைக்குப் போனேன். நீதான் ஓடிட்ட."

அஞ்சலை என்னைத் திரும்பிப் பார்த்தாள். முழுசாகத் திரும்பி. "அப்ப முப்பத்தெட்டு வருசமா நான் உங்கள ஏத்திக்கிட்டுத் திரிஞ்சதுக்கு ஒரு ரம்புத்தான் மரந்தான் காரணமா?"

சுப்பையாண்ணன் சிரித்த சிரிப்பில் உள்ளேயிருந்து மருமகள் ஓடிவந்தாள். சிரித்து முடித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் சிரிப்பில்லாத குரலில் கேட்டார்.

"கட்டையே போடாம போட்டாச்சுன்னு கத்துனியா நீ?"

"ஆமாண்ணே."

"பெரிய தப்புடா அது. நான் செத்திருப்பேன்."

"ஆமாண்ணே."

"ஆனா நீ தகரத்துல அடிக்கல. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. சத்தம் மட்டுந்தான் வந்துச்சு, அடி வரல. மழை திரும்பப் புடிக்கப் போகுதேன்னு அவசரத்துல நான் காலை எடுத்துட்டேன். அடி விழாம காலை எடுத்தது என் தப்பு." டீக் கிளாஸை என் பக்கம் தள்ளினார். "நீ ஓடலன்னா இத அன்னைக்கே சொல்லியிருப்பேன். குடி, ஆறிப்போச்சு."

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஆறிய டீயைக் குடித்தேன்.

7

பயத்துக்குக் காரணம் போய்விட்டால் பயமும் போய்விடும் என்றுதான் நானும் நினைத்தேன். போகவில்லை. மறு வாரம் பயிற்சிக்குப் போனபோது மேட்டில் முதுகு அதே மாதிரி குளிர்ந்தது. காரணம் வெளியேறினாலும் பயம் மட்டும் காலி செய்யாத குடித்தனக்காரன் மாதிரி உள்ளேயே இருக்கிறது. படித்தவர்கள் யாராவது இதற்கு விளக்கம் எழுதினால் வாசிக்க ஆசைப்படுகிறேன்.

ஆனால் ஒன்று தெரிந்துகொண்டேன். என் கால் எதற்காகக் காத்திருந்தது என்று தெரிந்துவிட்டது. அது இரண்டு அடிக்காகக் காத்திருந்தது. அன்று நான் அடிக்காமல் விட்ட இரண்டு அடி.

மூன்றாவது டெஸ்ட் தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது வந்தது. "பனங்குடி!" ஏறினேன். கோட்டுக்குள் நிறுத்தினேன். முதுகு குளிர்ந்தது, குளிரட்டும் என்று விட்டேன். கண்ணாடியை இறக்கினேன். வலது கையை வெளியே நீட்டி, கதவுத் தகரத்தில் உள்ளங்கையால் இரண்டு அடி அடித்தேன். "போட்டாச்சு!" என்றேன். கால் எழும்பியது. கார் ஒரு விரற்கடைகூடப் பின்னால் போகவில்லை.

மேட்டோரம் நின்றவர் அதே இளம் அதிகாரி. காருக்குப் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை. பேனாவை எடுத்து எழுதினார். பாஸ். ஆ ஹோக் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "அண்ணே, கார் கதவு நெளிஞ்சா நீதான் மாத்தணும்!" என்று கத்தினார்.

இந்த நாட்டில் புது லைசென்ஸ்காரர்கள் இரண்டு வருஷம் காரில் 'பி' என்று ஒரு அட்டை ஒட்ட வேண்டும். பிள்ளைகள் ஒட்டுவது. அறுபத்து நாலு வயதில் நானும் ஒட்டினேன். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, கோணாமல், ஈப்போவிலேயே நேராக.

தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அஞ்சலையை ஹுத்தான் மெலிந்தாங்குக்கு ஓட்டிக்கொண்டு போனேன். பழைய மெர்பாவ் கட்டை ஒன்றை அவள் காலடியில் வைத்தேன். "வழியில மேடு வந்தா?" என்றேன். அவள் ஸீட் பெல்ட்டைப் போட்டாள். பத்து காஜா, தஞ்சோங் துவாலாங், தெலுக் இந்தான் என்ற ஊர்களைத் தாண்டிப் போகிறது ரோடு. மேடு வரும், மேடு வரும் என்று பார்த்துக்கொண்டே போகிறேன், இரண்டு பக்கமும் எண்ணெய்ப் பனைதான் வருகிறது. தட்டு மாதிரி ரோடு. இத்தனை வருஷம் இடது பக்கத்திலிருந்து பார்த்த ரோடுதான், அது சமதரை என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

"ஒரு மேடுகூட இல்லன்னு ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலயே."

ஓரம் தெரியாவிட்டாலும் வழி முழுக்க அவளுக்குத் தெரியும். "இந்த வளைவு தாண்டுனா சீனக் கோயில் வரும், லேன் மாத்திக்குங்க," என்பாள். வரும். நாற்பது மைல் வேகத்துக்கு மேல் நான் போகவில்லை. பின்னால் வந்தவர்கள் 'பி'யைப் பார்த்துவிட்டு, கடந்து போகும்போது முகத்தைப் பார்த்துவிட்டு, ஹார்ன் அடிக்க மறந்து போனார்கள்.

அக்கா வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது மகள் போன் செய்தாள். நான் பாஸானதை அவளுக்கு இன்னும் சொல்லவில்லை. அஞ்சலை ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மா, வீட்டுக்குப் போன் பண்ணா யாரும் எடுக்கல. எங்க இருக்கீங்க?"

"உங்க பெரியம்மா வீட்ல."

"யாரு கூட்டிட்டு வந்தா?"

"டிரைவர்."

"எந்த டிரைவர்மா?"

"பழைய கெலிண்டான் ஒருத்தரு. மெதுவாத்தான் ஓட்டுறாரு. ஆனா வழுக்கல."

மகள் சிரித்தாள். பிறகு, "தீபாவளிக்கு நாங்க அங்க வாரோம்மா," என்றாள். அவ்வளவுதான். பதினேழாவது மாடியைப் பற்றி யாரும் பேசவில்லை.

வெயில் தாழ்வதற்குள் லகாட் திரும்பிவிட்டோம். எங்கள் வீட்டு வாசலில் சாக்கடைக்கு மேல் ஒரு சின்ன சாய்வு உண்டு. கேட்டைத் திறந்தால்தான் கார் உள்ளே போகும். அதனால் சாய்விலேயே நிறுத்தினேன். அந்த நாள் முழுக்க நான் தேடிய ஒரே மேடு என் வீட்டு வாசலில் இருந்தது. முதுகு குளிர்ந்தது.

அஞ்சலை கதவைத் திறந்தாள். கேட்டைத் திறக்கப் போகிறாள் என்று நினைத்தேன். குனிந்து காலடியில் கிடந்த கட்டையைத் தூக்கினாள். ஓரம் தெரியாததால் காரைத் தடவிக்கொண்டே பின்பக்கம் நடந்தாள். கண்ணாடியில் அவள் தலை கீழே போவது தெரிந்தது. கட்டை சக்கரத்தில் இடிக்கும் சத்தம் கேட்டது. காத்திருந்தேன். நான் வலது பக்க ஸீட்டில் உட்கார்ந்திருக்க, இன்னொருவர் எனக்குக் கட்டை போடுவது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

தகரத்தில் ஒரு அடி விழுந்தது. இன்னொரு அடி.

"போட்டாச்சு. காலை எடுங்க."

எடுத்தேன். கார் நகரவில்லை.

அவள் கேட்டுக்கு வரவில்லை. நேரே மேரியம்மா வீட்டு வாசலுக்குப் போய், "மேரியக்கா, அந்தக் கறிவேப்பிலைத் தொட்டியத் திருப்பி எடுத்துக்கவா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். பேச்சு நீண்டது. எங்கள் கேட் பூட்டியே இருந்தது. நான் இறங்கவில்லை, ஹார்னும் அடிக்கவில்லை. கட்டை போட்டிருக்கிறது, என்ன அவசரம்.